தீ ஒன்றரை நிமிடம், வழக்கு இருபது ஆண்டு

2025 டிசம்பர் 6 நள்ளிரவில் கோவாவின் அர்போரா கிராமத்தில் ஒரு நைட் கிளப் எரிந்து 25 பேர் இறந்தார்கள். அதில் 20 பேர் அங்கேயே வேலை பார்த்த தொழிலாளிகள். பலர் அடித்தளத்துச் சமையலறைப் பக்கம் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள். உரிமையாளர்கள் மறுநாள் அதிகாலையே தாய்லாந்துக்குப் பறந்துவிட்டார்கள். அதன்பிறகு வந்த செய்திகளில் "பிரிவு 105", "புளூ நோட்டீஸ்", "நாடு கடத்தல்", "அதிகாரிகள் இடைநீக்கம்" என்று சொற்கள் குவிந்தன. எது என்ன, எதனால் என்ன ஆகும் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்குள்ள ஓட்டல்களிலும் கடைகளிலும் நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். 2023 அக்டோபரில் எல்லையோரத்து அத்திப்பள்ளி பட்டாசுக் கடையில் தீப்பிடித்தபோது இறந்தவர்களில் அரூர் பக்கத்து அம்மாபேட்டை இளைஞர்களும் இருந்தார்கள். தீபாவளிச் சமயத்தில் நாலு காசு சம்பாதிக்கப் போனவர்கள். தீப்பொறி கக்கும் மேடைப் பைரோவும் எளிதில் பற்றும் அலங்காரப் பொருட்களுமோ ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நம் கல்யாண மண்டப மேடைகளில் ஏறி இறங்குகின்றன.

தீ கொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இதற்கு நொடிக் கணக்கில் பதில் சொல்லும் ஒரு விபத்து உண்டு. 2003 பிப்ரவரி 20, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம், வெஸ்ட் வார்விக் ஊரிலிருந்த ஸ்டேஷன் நைட் கிளப். இசைக்குழு மேடையேறியதும் பூவாணம் போன்ற பைரோ கொளுத்தப்பட்டது. மேடைக்குப் பின்சுவரில் பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டியிருந்தார்கள். உள்ளே 400-க்கும் மேற்பட்டவர்கள். அன்று ஒரு தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் உள்ளே படம் எடுத்துக்கொண்டிருந்ததால் தீயின் போக்கு நொடி நொடியாகப் பதிவானது. அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனம் அதை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது இது:

1. சுமார் 30 நொடியில் இசை நின்றது. அதுவரை பலர் தீயையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
2. சுமார் 40 நொடியில் அபாய மணி அடித்தது.
3. 90 நொடிக்குள் உள்ளே மனிதன் உயிரோடு இருக்க முடியாத நிலை.
4. சுமார் 100 நொடியில் முன்வாசலில் ஆள்மேல் ஆள் விழுந்து வழி அடைபட்டது.

இறந்தவர்கள் 100 பேர். அந்தக் கட்டடத்தில் வெளியேறும் வழிகள் நான்கு இருந்தன. ஆனாலும் பெரும்பாலானோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடினார்கள். மனித இயல்பு இதுதான்: அவசரத்தில் கால் தெரிந்த வழிக்குத்தான் போகும். பின்கதவு இருக்கிறது என்று காகிதத்தில் காட்டினால் போதாது. கூட்டத்துக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சுடர் நெருங்கும் முன்பே புகை கொல்கிறது. ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். முதலாவது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாது. இரண்டாவது, வந்துசேர்ந்த ஆக்சிஜனையும் உடலின் அணுக்கள் பயன்படுத்த விடாது. நாலைந்து மூச்சிலேயே தலை சுற்றி, திசை தெரியாமல் போகும். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாந்தா மரியா நகரில் கிஸ் கிளப் எரிந்து 242 பேர் இறந்தபோது, கழிப்பறைகளுக்குள் உடல்கள் கும்பலாகக் கிடந்தன. அங்கும் மேடைப் பைரோ, கூரையில் ஃபோம். வெளியேற ஒரே ஒரு வாசல்.

நம் மண்டபத்தில் என்ன இருக்கிறது?

ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்துவரும்போது இருபுறமும் வெள்ளிப் பொறி சீறுகிறதே, அதைக் "கோல்ட் பைரோ" என்கிறார்கள். பெயரில் இருக்கும் குளிர்ச்சி பொருளில் இல்லை. அதில் எரிவது பொடி உலோகம். பொறி மிகச் சிறியது என்பதால் காற்றில் சில அடி போவதற்குள் ஆறிவிடும். கையில் பட்டாலும் சுடாது. ஆனால் பொறி புறப்படும் வாய்ப்பக்கம் சூடு பல நூறு டிகிரி. சீலிங் துணி தாழ்ந்து தொங்கினாலோ, மின்விசிறிக் காற்றில் சாய்ந்தாலோ, குழல் சரிந்து விழுந்தாலோ ஆறுவதற்கு இடமே இல்லை.

சுற்றியிருக்கும் பொருட்களைப் பாருங்கள். தெர்மாகோல் எழுத்துகளும் தூண்களும் உருகி, எரியும் சொட்டுகளாகக் கீழே விழும். பாலியஸ்டர் சீலிங் துணி மேடையிலிருந்து வாசல்வரை ஒரே தொடராகப் போவதால் தீக்கு அது நடைபாதை. பிளாஸ்டிக் பூ, செயற்கைப் புல் சுவர், ஃப்ளெக்ஸ், ஸ்பாஞ்ச் வைத்த சோபா எல்லாமே பெட்ரோலியத்திலிருந்து வந்தவை. இதில் மிக மோசமானது சீலிங் துணிதான். டெக்கரேஷன்காரரிடம் ஒரே ஒரு மாற்றம் கேட்க முடியும் என்றால், துணியைப் பட்டைபட்டையாக இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லுங்கள். பைரோவுக்கு மேலே துணியே வேண்டாம்.

இதற்கு அமெரிக்க உதாரணமே தேவையில்லை. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டப மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதன்பிறகு கீற்றைப் பார்த்துப் பயப்படக் கற்றோம். கீற்று இருந்த இடத்தில் இன்று பாலியஸ்டர் தொங்குகிறது. பயம் மட்டும் அங்கே மாறிவரவில்லை.

கதவுக் கணக்கு

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 ஒரு எளிய கணக்கு சொல்கிறது. 60 அடிக்கு 100 அடி கூடத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 557 சதுர மீட்டர்.

1. நாற்காலி போட்ட கூடத்துக்கு ஆளுக்கு 0.6 சதுர மீட்டர் என்று கணக்கு. அப்படியானால் சுமார் 930 பேர். சாப்பாட்டுக் கூடம் என்றால் ஆளுக்கு 1.5, சுமார் 370 பேர்.
2. சமதளக் கதவுகளில் ஆளுக்கு 6.5 மில்லிமீட்டர் அகலம். 930 பேருக்கு எல்லாக் கதவும் சேர்ந்து 6 மீட்டர், அதாவது 20 அடி.
3. மாடிப்படியில் ஆளுக்கு 10 மில்லிமீட்டர். 930 பேருக்கு 9.3 மீட்டர்; 30 அடிக்குக் கொஞ்சம் அதிகம்.

மூன்றாவதுதான் பயமுறுத்துகிறது. கீழே சாப்பாட்டுக் கூடம், மாடியில் முகூர்த்தக் கூடம், நடுவில் ஆறடிப் படிக்கட்டு என்று ஒரு மண்டபம் இருந்தால், அந்தப் படிக்கட்டு இந்தக் கணக்குப்படி சுமார் 180 பேருக்குத்தான் போதும். இரண்டு படிக்கட்டு இருந்தாலும் 360. இரண்டாவதின் கதவைப் "பாத்திரம் திருடு போகிறது" என்று சங்கிலி போட்டுப் பூட்டினால் மறுபடியும் 180. பாதி இறக்கிய ஷட்டரும், படிக்கு அடியில் அடுக்கிய சிலிண்டரும் நாற்காலியும் அதையும் குறைக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவின்மேல் கூட்டம் சாய்ந்துவிட்டால் அதை இழுக்கவே முடியாது.

சுவரில் மாட்டியிருக்கும் 6 கிலோ பவுடர் சிலிண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பீய்ச்சுவது சுமார் கால் நிமிடம். துணி நுனியில் பிடித்ததும் அடித்தால் அணையும். சீலிங் முழுக்கப் பரவியபின் அதை எடுக்கப் போகிறவர் தன் வெளியேறும் நேரத்தைத்தான் இழக்கிறார்.

பிரிவு 106-ஆ, 105-ஆ?

இப்போது சட்டம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. இப்படிப்பட்ட தீ விபத்தில் முக்கியமாக வரும் பிரிவுகள்:

1. பிரிவு 287: தீ, எரிபொருள் விஷயத்தில் கவனக்குறைவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
2. பிரிவு 106(1): கவனக்குறைவால் மரணம். ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தின் 304-ஏ பிரிவில் இது இரண்டே ஆண்டாக இருந்தது.
3. பிரிவு 105: கொலை ஆகாத மரணக் குற்றம். கொல்லும் நோக்கம் இல்லாவிட்டாலும், இதனால் சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்திருந்தால் பத்து ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

கோவா வழக்கு 105-இல் பதிவானது. 106-க்கும் 105-க்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சொல்: தெரிந்தே. கவனிக்காமல் விட்டாரா, தெரிந்தும் விட்டாரா? வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியின்மேல்தான் நிற்கிறது.

பெரும் சாவு நடந்தால் போலீஸ் முதலில் கடுமையான பிரிவைப் போடும். நீதிமன்றம் போகப் போகப் பிரிவு இறங்கும். போபால் விஷவாயு வழக்கே இதற்கு உதாரணம்: பழைய சட்டத்தின் 304 இரண்டாம் பகுதியில் (இன்றைய 105) சாட்டிய குற்றத்தை 1996-இல் உச்ச நீதிமன்றம் 304-ஏ-வாகக் குறைத்தது. அதனால் 2010-இல் கிடைத்த தண்டனை இரண்டு ஆண்டு மட்டுமே.

"தெரிந்தே" என்பதை எப்படி நிரூபிப்பது? ஒருவர் மனதுக்குள் இருந்ததை யாரும் திறந்து பார்க்க முடியாது. ஆகவே தீக்கு முந்தைய காகிதங்கள்தான் பேசும்: தீயணைப்புத் துறையின் ஆய்வுக் குறிப்பு, உள்ளாட்சியின் நோட்டீஸ், பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய புகார், காலாவதியான உரிமம், அதே இடத்தில் முன்பு நடந்த சிறிய தீ. கோவா கிளப்புக்கு ஊராட்சி ஏற்கெனவே இடிப்பு உத்தரவு போட்டிருந்தது. மேலிடத்தில் அதற்குத் தடை வாங்கப்பட்டிருந்தது. அந்த ஒரு கோப்பு அரசுத் தரப்புக்குப் பெரிய பலம். வாயால் சொன்ன நூறு எச்சரிக்கைகளைவிட, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிய ஒரு கடிதம் கூண்டில் நிற்கும்போது கனமானது. உங்கள் தெரு மண்டபத்தில் பின்கதவு பூட்டிக் கிடந்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் படத்தோடு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கதவு திறந்தால் நல்லது. திறக்காவிட்டாலும் "எங்களுக்குத் தெரியாது" என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

ஓடிப்போனவர்களை எப்படிக் கொண்டுவந்தார்கள்?

இன்டர்போலின் புளூ நோட்டீஸ் கைது உத்தரவு அல்ல. ஒருவர் யார், எங்கே இருக்கிறார் என்று தகவல் கேட்பது மட்டுமே. பிடித்து வைக்கக் கோருவது ரெட் நோட்டீஸ். பொதுவாகக் குற்றவாளியை ஒப்படைக்கும் நடைமுறை இரு நாட்டு ஒப்பந்தப்படி நீதிமன்றம் வழியாகப் போகும். மாதங்கள், ஆண்டுகள் ஆகும். கோவா வழக்கில் அந்த வழியில் போகவில்லை. இந்திய அரசு அவர்களுடைய பாஸ்போர்ட்டை நிறுத்தியது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாதவர் தாய்லாந்தில் தங்குவதே சட்டவிரோதம் ஆகிவிடும். அந்நாடு அவர்களைத் திருப்பி அனுப்பியது. டிசம்பர் 16-இல் டெல்லி வந்து இறங்கினார்கள். ஒப்படைப்பு வேறு, திருப்பி அனுப்புவது வேறு. பத்தே நாளில் நடந்தது இரண்டாவது.

ஒருவேளை வராமலே இருந்திருந்தால்? புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தில் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவர் இல்லாமலேயே விசாரணை நடத்த வழி செய்கிறது.

அதிகாரிகள் ஏன் தப்பிக்கிறார்கள்?

இடைநீக்கம் தண்டனை அல்ல. விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது. பணி தொடர்பான செயலுக்காக அரசு ஊழியர்மேல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். இந்த அனுமதிக் கோப்பு முன்பெல்லாம் ஆண்டுக்கணக்கில் தூங்கும். இப்போது அதே நடைமுறைச் சட்டத்தின் 218-ஆம் பிரிவு 120 நாள் கெடு வைத்திருக்கிறது; அதற்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். இது உண்மையான முன்னேற்றம்.

ஆனால் கையெழுத்துப் போட்டவரைச் சாவோடு நேரடியாக இணைப்பது கடினம். ஸ்டேஷன் கிளப்பில் ஃபோம் ஒட்டியபின் தீயணைப்பு ஆய்வாளர் வந்து பார்த்தார். ஃபோமைப் பற்றி எதுவும் குறிக்கவில்லை. அவர்மேல் குற்ற வழக்கு வரவில்லை. டெல்லி உப்ஹார் திரையரங்க வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், மாநகராட்சியையும் உரிமம் கொடுத்த அதிகாரியையும் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. "ஆய்வு செய்தோம், சரியாகப் பார்க்கவில்லை" என்ற பதில் இன்னமும் செல்லுபடியாகிறது. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

வழக்கு எங்கே போய் முடியும்?

உப்ஹார் திரையரங்கம் எரிந்தது 1997 ஜூன் 13. கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்கிய தீயின் புகை, படிக்கட்டு வழியாக பால்கனிக்கு ஏறியது. கூடுதல் இருக்கை போடுவதற்காக ஒரு பக்க வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் இறந்தார்கள். அதே இடத்தில் 1989-இலேயே ஒரு தீ விபத்து நடந்திருந்தது. அதாவது "தெரியும்" என்று வாதிட ஆதாரம் இருந்தது. ஆனாலும் வழக்கு 304-ஏ-விலேயே நின்றது. கடுமையான பிரிவுக்கு மாற்றுங்கள் என்று பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சங்கம் கேட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2007-இல் இரண்டு ஆண்டு, 2008-இல் ஓர் ஆண்டாகக் குறைப்பு, 2015-இல் 60 கோடி ரூபாய் அபராதம், 2017-இல் உரிமையாளர்களில் ஒருவருக்கு மட்டும் மிச்சத் தண்டனையை அனுபவிக்க உத்தரவு. இருபது ஆண்டு. இழப்பீடும் இறங்கியது: உயர் நீதிமன்றம் இறந்தவரின் வயதைப் பொறுத்துக் கொடுத்த 18 லட்சமும் 15 லட்சமும் உச்ச நீதிமன்றத்தில் 10 லட்சமும் 7.5 லட்சமும் ஆயின.

கும்பகோணம் வழக்கில் 2014-இல் பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017-இல் உயர் நீதிமன்றம் அதை, அனுபவித்த காலமே போதும் என்று குறைத்தது.

வெளிநாட்டிலும் இது நேர்கோட்டில் போவதில்லை. கிஸ் வழக்கில் 2021-இல் நால்வருக்கு 18 முதல் 22 ஆண்டுக்கு மேல்வரை தண்டனை. 2022-இல் அந்த விசாரணையே ரத்து. 2024-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி செல்லும் என்றது. ஸ்டேஷன் வழக்கு மட்டும் மூன்றரை ஆண்டில் முடிந்தது. காரணம், பைரோ கொளுத்திய இசைக்குழு மேலாளர் 100 மரணங்களுக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். உரிமையாளர்களும் எதிர்த்து வாதாடவில்லை. மேலாளருக்கும் ஓர் உரிமையாளருக்கும் உள்ளே இருக்க வேண்டிய காலம் நான்கு ஆண்டு. ஆனால் சிவில் வழக்கில் ஃபோம் விற்றவர் முதல் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்வரை எல்லோரையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டவர்கள் 17 கோடியே 60 லட்சம் டாலர் பெற்றார்கள். தண்டனையைவிட அந்தத் தொகைதான் காப்பீட்டு நிறுவனங்களையும் கட்டட உரிமையாளர்களையும் அசைத்தது.

இறந்தவர் நம் ஊர்ப் பிள்ளை என்றால்

குற்ற வழக்கின் முடிவுக்காக இழப்பீடு காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் தனித்தனி. பெங்களூரிலோ கோவாவிலோ வேலையில் இருந்தவர் தீயில் இறந்தால், பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ இருக்கும் குடும்பம் செய்ய வேண்டியது:

1. முதலில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் மனைவி, குழந்தைகள் உள்ளிட்ட சார்ந்தோருக்கு மாதாமாதம் உதவித்தொகை இ.எஸ்.ஐ. வழியாக வரும், அதற்குமேல் தொழிலாளர் இழப்பீடு கேட்க முடியாது.
2. இ.எஸ்.ஐ. இல்லையென்றால் தொழிலாளர் இழப்பீடு. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது, கணக்கு அதேதான். மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 25 வயது, சம்பளம் 15,000 என்றால் 7,500 × 216.91 = 16,26,825 ரூபாய். முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. வேலையின்போது இறந்தார் என்பது போதும்.
3. ஒப்பந்தக்காரர் மூலம் போயிருந்தாலும் முதன்மை முதலாளியிடம் கேட்கலாம். விபத்து நடந்த மாநிலத்துக்கு அலைய வேண்டாம். குடும்பம் வசிக்கும் பகுதிக்கான அதிகாரியிடமே மனு போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.
4. பெரும்பாலும் சிக்குவது வேலை பார்த்ததற்கான அத்தாட்சியில்தான். நியமனக் கடிதம் இருக்காது. போனில் உள்ள சம்பளப் பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்தி, அடையாள அட்டைப் படம், சீருடையில் எடுத்த படம், கூட வேலை செய்தவரின் பெயர், எண் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே சேகரித்து வையுங்கள். இறந்தவரின் போனை ஃபார்மட் செய்யாதீர்கள், சிம்மை நிறுத்தாதீர்கள்.
5. எஃப்.ஐ.ஆர். நகல் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இலவசம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.
6. தீர்ப்பில் 105 இறங்கி 106 ஆனால், அரசு சும்மா இருந்தாலும் குடும்பமே மேல்முறையீடு செய்யலாம். குறைந்த குற்றத்துக்குத் தண்டித்ததை எதிர்க்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு.
7. வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். பெருவிபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உரிமை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும்.